சாப்மன் ஸ்டிக் வாங்கப் போறீங்களா? பேப்பர்ல இருந்து டியூனிங் வரைக்கும் இத படிச்சிட்டு எறங்குங்க

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சர்ச் கொயர்ல பேஸ் வாசிக்கிறவங்க, லீட் வாசிக்கிறவங்க நெறைய பேரு இப்ப ஸ்டிக் பத்தி கேக்குறாங்க. கம்பிய மீட்டாம ரெண்டு கை விரலாலயும் ஃப்ரெட் (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கட்டை) மேல தட்டியே வாசிக்கிற கருவி, ஒரு கை பேஸ், ஒரு கை மெலடி, ஒரே ஆளு. ஆசை வரத்தான் செய்யும். ஆனா இத செட்டப் பண்ணிக் குடுக்க நம்ம ஜில்லால ஆளு கெடைக்காது, கிட்டார் ரிப்பேர் தெரிஞ்ச அண்ணன்மார்கிட்ட கொண்டு போனாலும் "இது எப்பிடி தம்பி டியூன் பண்ணணும்"னு நம்மகிட்டயே கேப்பாங்க, அதனால நான் தட்டுத்தடுமாறி தெரிஞ்சுகிட்டத வரிசையா எழுதுறேன். வரிசை முக்கியம். மூணாவது பண்ண வேண்டியத மொதல்ல பண்ணினா மறுபடியும் எல்லாத்தையும் பண்ணணும்.

1. காசு குடுக்கதுக்கு முன்னாடி

இது கலிபோர்னியால செய்யுற கருவி. புதுசு வாங்கினா ஆயிரக்கணக்கான டாலர், நம்ம காசுக்கு லட்சக்கணக்குல போகும். பழசு வாங்குறவங்கதான் அதிகம், பழசு தப்பில்ல, ஆனா விக்கிறவர்கிட்ட கேட்டு எழுத்துல வாங்க வேண்டியது சிலது இருக்கு. எத்தன கம்பி (பத்தா, பன்னெண்டா, எட்டா), இப்ப எந்த டியூனிங்ல இருக்கு, அந்த டியூனிங்குக்கு எந்த கேஜ் (தடிமன்) கம்பி போட்டிருக்கு, ஸ்கேல் நீளம் (கம்பி அதிருற நீளம்) எவ்வளவு, என்ன மரம், ட்ரஸ் ராட் (நெக்கு, அதாவது கருவியோட கழுத்து, வளையாம புடிக்கிற உள் இரும்புக் கம்பி) இருக்கா, அத திருகுற கீ என்ன சைஸ். ஸ்டாண்டர்ட் பத்து கம்பி ஸ்டிக்கோட ஸ்கேல் பொதுவா 36 இன்ச், சாதாரண பேஸ் கிட்டாரே 34 இன்ச்தான், இந்த நீளத்தால பின்னாடி கம்பி வாங்கும்போது ஒரு பிரச்சன வரும், அத அஞ்சாவதுல சொல்றேன்.

தட்டி வாசிக்கிற முறை கைக்கு ஒத்து வருமான்னே இன்னும் தெரியலன்னா உடனே லட்சத்த எறக்காதீங்க. வீட்ல இருக்கிற எலெக்ட்ரிக் கிட்டாரோட ஆக்‌ஷன கொறச்சு (அதாவது ஃப்ரெட்டுல இருந்து கம்பி நிக்கிற உயரத்த எறக்கி), மொத ஃப்ரெட்டுக்கு மேல பிள்ளைங்க தலைல போடுற துணி பேண்ட் ஒண்ண சுத்திட்டு, ரெண்டு மூணு மாசம் அதுல தட்டிப் பாருங்க. அதுலயே ஆர்வம் நிக்குதுன்னா அப்புறம் யோசிங்க.

2. பேப்பர் வேலை

எல்லாரும் மாட்டுறது இங்கதான்.

கூரியர்ல வெளிநாட்டுல இருந்து வந்தா கேஒய்சி கேப்பாங்க, ஆதாரும் பேன் கார்டும் ரெடியா இருக்கணும். நம்ம ஊர்ல பாதி பேருக்கு ஆதார்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பேன்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பார்சல்ல வேற ஒரு பேரு இருக்கும், மூணும் ஒத்துப் போகலன்னா பார்சல் கஸ்டம்ஸ்ல உக்காந்துரும், நாள் கூடக்கூட குடோன் வாடகையும் ஏறும். அதனால ஆர்டர் போடும்போதே பேன் கார்டுல எப்பிடி இருக்கோ அப்பிடியே எழுத்து மாறாம பேரு குடுங்க. ஆதார்லயும் பேன்லயும் பேரு வேற வேறயா இருந்தா அத திருத்திட்டு ஆர்டர் போடுங்க. அட்ரஸ்ல வெறும் வீட்டுப் பேரும் ஊர்ப் பேரும் மட்டும் எழுதி விட்டா போதாது, டோர் நம்பர், பக்கத்துல இருக்கிற சர்ச் இல்லன்னா ஸ்கூல், பின்கோடு, எப்பவும் ஆன்ல இருக்கிற போன் நம்பர் எல்லாம் இருக்கணும்.

அடுத்தது பில். விக்கிறவர் தர்ற இன்வாய்ஸ்ல பழசுன்னா பழசுன்னு எழுதியிருக்கணும், சீரியல் நம்பர், மரத்தோட பேரு, உண்மையான வெல இருக்கணும். நீங்க பணம் அனுப்பின ரசீதும் கையில இருக்கட்டும். "கிஃப்ட்னு போட்டு வெலய கொறச்சு அனுப்புறேன்"னு சில பேரு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. ஆபீசருக்கு சந்தேகம் வந்தா அவங்களே ஒரு வெல போடுவாங்க, வழியில ஒடஞ்சு போச்சுன்னா இன்சூரன்ஸும் அந்தக் கொறச்ச வெலைக்குத்தான் கெடைக்கும்.

டியூட்டி (சுங்க வரி) கணக்குல ஒரு விஷயம் கவனிக்கணும். கருவியோட வெலைக்கு மட்டும் டியூட்டி இல்ல, வெல, கப்பல் இல்லன்னா விமானச் செலவு, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டி வர்ற தொகைக்குத்தான். அதுக்கு மேல ஐஜிஎஸ்டி, அதுவும் டியூட்டிய சேத்த தொகைக்கு. ஒண்ணர லட்சத்துக்கு கருவி, பதினஞ்சாயிரம் அனுப்புற செலவுன்னா கணக்கு 1,65,000-ல இருந்துதான் ஆரம்பிக்கும். ரேட் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், கூரியர் ஆபீஸ்ல எஸ்டிமேட் கேட்டு வாங்கி அந்தக் காச தனியா எடுத்து வச்சிட்டு ஆர்டர் போடுங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்குறதுக்கு ஐஇசி நம்பர் (ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்க எடுக்கிற நம்பர்) தேவையில்ல, யாராவது அத எடுத்துத் தர்றேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க.

மரம் ரோஸ்வுட்டா இருந்தா கொஞ்சம் கவனமா இருங்க. 2017 ஜனவரில இருந்து ரோஸ்வுட் இனம் மொத்தத்துக்கும் சைட்டஸ் (அழியுற ஆபத்துல உள்ள செடி கொடி, உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) கட்டுப்பாடு வந்துச்சு, 2019 நவம்பர்ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு குடுத்துட்டாங்க. ஆனா பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கெடையாது, அது 1992-ல இருந்தே ரொம்ப கடுமையான பட்டியல்ல இருக்கு. விக்கிறவர் பிரேசில் ரோஸ்வுட்டுன்னு சொன்னா அத விட்டுட்டு வேற பாருங்க. மூங்கில் லேமினேட்ல செஞ்சதும் வருது, நம்ம ஊரு ஈரத்துக்கு என்னோட ஓட்டு அதுக்குத்தான்.

கல்ஃப்லயோ அமெரிக்காலயோ இருக்கிற சொந்தக்காரங்க கையில கொண்டு வர்றாங்கன்னா திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல ரெட் சேனல்ல போயி டிக்ளேர் பண்ணச் சொல்லுங்க, பில்ல அவங்க கையில பிரிண்ட் எடுத்துக் குடுங்க. பேக்கேஜ் ரூல மாத்திட்டே இருப்பாங்க, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கணும். நீளமான பெட்டிங்கிறதால ஏர்லைன்ஸ்ல அளவு கேட்டு மொதல்லயே எழுதி வாங்கிடணும். கம்பிய மொத்தமா அவுக்க வேண்டாம், ஒவ்வொண்ணையும் ஒரு முழு சுரம் (ரெண்டு ஃப்ரெட் அளவு) எறக்கி விட்டா போதும்.

நேரம் எவ்வளவு ஆகும்னா, பேப்பர் சுத்தமா இருந்தா கஸ்டம்ஸ் சில நாள்லயே விட்டுரும், ஏதாவது இடிச்சா வாரக்கணக்குல போகும். அடுத்த மாசம் சர்ச் திருநாள்ல வாசிக்கலாம்னு நெனச்சு ஆர்டர் போடாதீங்க.

3. பெட்டி வந்த அன்னைக்கு

பெட்டிய பிரிக்கும்போது வீடியோ எடுங்க, ஒடஞ்சிருந்தா க்ளெய்முக்கு அதுதான் ஆதாரம். கருவிய எடுத்து பாத்துட்டு அப்பவே திருக ஆரம்பிக்காதீங்க. விமானத்துல காஞ்ச காத்துல வந்த மரம் நம்ம ஊரு ஈரத்துக்கு பழகணும், ஒரு முழு நாள் உறைக்குள்ளயே வீட்டு ரூம்ல கெடக்கட்டும். ஏசி ரூம் வேண்டாம், நீங்க தெனமும் வாசிக்கப் போற ரூம்லயே வைங்க.

4. வேணுங்கிற சாமான்

பெரிய செலவில்ல. ஃபீலர் கேஜ் ஒண்ணு, பைக் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ண வச்சிருப்பாரே அதுதான், ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில சில நூறு ரூபாய்க்குள்ள கெடைக்கும். அர மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், சின்ன டார்ச், டியூனர் (சுரம் சரியான்னு காட்டுற கருவி), கம்பி வெட்டுற கட்டர், பழைய காட்டன் துணி.

அலன் கீ (நட்டு திருகுற ஆறு மூலைக் கம்பி) வாங்குறதுலதான் மாட்டுவீங்க. அமெரிக்கக் கருவில இன்ச் சைஸ் கீ, நம்ம ஹார்ட்வேர் கடையில கேட்டா எடுத்துத் தர்றது மில்லிமீட்டர் செட். கிட்டத்தட்ட பொருந்துற மாதிரி இருக்கும், திருகினா நட்டோட மூலை மழுங்கிரும், ட்ரஸ் ராட் நட்டு மழுங்கினா நெக்கே போன மாதிரிதான். இன்ச் செட் ஆன்லைன்ல வாங்குங்க, அது வர்ற வரைக்கும் நட்டுல கை வைக்காதீங்க.

5. கம்பி

இங்க கடைகள்ல ஸ்டிக் கம்பி வைக்க மாட்டாங்க. செட்டாத்தான் வரவழைக்கணும், கம்பி வெலைய விட அனுப்புற காசு கைய கடிக்கும், அதனால கருவி வாங்கும்போதே ரெண்டு மூணு செட் சேத்து அதே பெட்டில வைக்கச் சொல்லிருங்க. அவசரத்துக்கு தனித்தனி கிட்டார் கம்பி, பேஸ் கம்பி வாங்கி போடலாம், ஆனா 36 இன்ச் ஸ்கேலுக்கு சாதாரண கிட்டார் கம்பி நீளம் எட்டாம போகும், கம்பி முறுக்குற முளை வரைக்கும் வந்து சுத்துறதுக்கு மிச்சம் இருக்கான்னு அளந்துட்டு வாங்குங்க.

பழைய கம்பி பத்தையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க. ஒண்ண கழட்டி ஒண்ண போடுங்க, இல்லன்னா நெக்குல இழுவ மொத்தமா போயி திரும்ப வரும், அது செட் ஆக நாள் எடுக்கும்.

6. டியூனிங்

கிட்டார் பழகினவங்களுக்கு இதுல மொதல்ல தல சுத்தும், ஒரு தடவ புரிஞ்சுட்டா அப்புறம் கொள்ளாம். பத்து கம்பில அஞ்சு மெலடி, அஞ்சு பேஸ். ரொம்ப தடிச்ச கம்பி ஓரத்துல இல்ல, நடுவுல இருக்கு. நடுவுல இருந்து மெலடி பக்கம் போகப் போக நாலாம் சுர இடைவெளில (ச-ல இருந்து ம மாதிரி) ஏறும், பேஸ் பக்கம் போகப் போக அஞ்சாம் சுர இடைவெளில (ச-ல இருந்து ப மாதிரி) ஏறும். கிளாசிக்னு சொல்ற டியூனிங் இதுதான்:

மெலடி, வெளி ஓரத்துல இருந்து நடு வரைக்கும்: டி, ஏ, இ, பி, எஃப் ஷார்ப்.
பேஸ், நடுவுல இருந்து வெளி ஓரம் வரைக்கும்: சி, ஜி, டி, ஏ, இ.

அந்த நடுக் கம்பியோட சி, பேஸ் கிட்டாரோட கீழ் இ-க்கும் கீழ உள்ள சி. வேற டியூனிங்கும் நெறைய இருக்கு, விக்கிறவர் எதுல வச்சிருந்தாரோ அதுக்கான கேஜ்தான் போட்டிருப்பாரு. கேஜ் மாத்தாம ஒரு கம்பிய ஒரு முழு சுரம் ஏத்தினா அதோட இழுவ கால்வாசிக்கும் மேல கூடிரும், அர சுரத்துக்கே சுமார் 12 சதவீதம். அதனால டியூனிங் மாத்தணும்னா கம்பி செட்டையும் மாத்துங்க, வெறுமனே முறுக்கிப் பாக்காதீங்க.

ஏத்துறது எப்பிடின்னா, எல்லாத்தையும் மொதல்ல ஒரு சுரம் கீழயே கொண்டு வந்து நிறுத்துங்க. அப்புறம் இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி பைய ஏத்துங்க. கடைசி கம்பிய முடிச்சு மொத கம்பிக்கு வந்தா அது எறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம், நெக்கு வளையுதுல்ல. மறுபடியும் ஒரு சுத்து, அப்புறம் இன்னொரு சுத்து. புதுக் கம்பின்னா ராத்திரி அப்பிடியே விட்டுட்டு காலைல திரும்ப பாக்கணும்.

இதுல டேம்பர் (சும்மா கம்பி சத்தம் போடாம அமுக்குற துணி) இருக்கிறதால சும்மா கம்பிய மீட்டி டியூனர்ல பாக்குறது சரியா வராது. தட்டித்தான் வாசிக்கப் போறோம், அதனால தட்டியே டியூன் பண்ணுங்க. ரெண்டாவது ஃப்ரெட்ல, அங்கனதான் மொத புள்ளி இருக்கும், வாசிக்கிற அதே பலத்துல தட்டிட்டு டியூனர்ல பாருங்க. கிளாசிக்னா ரெண்டாவது ஃப்ரெட்ல வர வேண்டியது இது:

மெலடி: இ, பி, எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஜி ஷார்ப்.
பேஸ்: டி, ஏ, இ, பி, எஃப் ஷார்ப்.

இத ஒரு பேப்பர்ல எழுதி உறைக்குள்ள வச்சிருங்க. நடுவுல உள்ள பேஸ் சி கம்பிய போன் ஆப் பல நேரம் புடிக்காது, அவ்வளவு கீழ உள்ள சத்தம் போன் மைக்குல சரியா ஏறாது. ஒயர் போட்டு பெடல் டியூனர்ல பாருங்க, அதுவும் ஆடிச்சுன்னா 12-வது ஃப்ரெட்ல தட்டிப் பாருங்க, சும்மா கம்பியோட சி ஒரு ஸ்தாயி மேல வரும், டியூனர் நின்னு காட்டும்.

காதால சரி பாக்குறதுக்கு: மெலடி பக்கம் ஒரு கம்பில ஏழாவது ஃப்ரெட்டும் அதுக்கு மேல் சுரத்துல இருக்கிற அடுத்த கம்பில ரெண்டாவது ஃப்ரெட்டும் ஒரே சுரம். ரெண்டுமே புள்ளி இருக்கிற எடந்தான், புள்ளி 2, 7, 12, 17, 22-ல வரும். பேஸ் பக்கம் ஒன்பதாவது ஃப்ரெட்டும் அடுத்த கம்பி ரெண்டாவது ஃப்ரெட்டும் ஒண்ணு. ரெண்டையும் சேத்து தட்டும்போது உவ்வு உவ்வுன்னு அலையுற சத்தம் வந்தா இன்னும் சேரல, அலை பைய பைய நீண்டு நின்னா சேந்துட்டு.

காது நல்லா உள்ளவங்க, கர்நாடக சங்கீதம் படிச்சவங்க மாட்டுற எடம் ஒண்ணு இருக்கு. பேஸ் பக்கம் அஞ்சாம் சுரம்தானேன்னு ச-ப மாதிரி சுத்தமா சேத்து வைப்பீங்க. சுத்தமான பஞ்சமம் 702 சென்ட் (அர சுரத்துல நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்), கீபோர்டோட பஞ்சமம் 700. ஒரு கம்பில இது தெரியாது, ஆனா சி-ல இருந்து இ வரைக்கும் நாலு தடவ ஏறும்போது எட்டு சென்ட் கூடிரும், அப்புறம் பேஸ் ஓரத்து இ-யும் மெலடி இ-யும் ஒட்டாது, கொயர் கீபோர்டோடயும் ஒட்டாது. ஃப்ரெட் போட்ட கருவி கீபோர்ட் கணக்குலதான் போகும், அதனால டியூனர நம்புங்க. டியூனர்ல ஏ 440-ல இருக்கான்னும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

7. நெக்கும் ஆக்‌ஷனும்

டியூனிங் முழுசா ஏறி ஒரு ராத்திரி ஆன பெறகுதான் இதுல கை வைக்கணும். கம்பி தளர்வா இருக்கும்போது நெக்க அளந்தா அது பொய்க் கணக்கு.

கிட்டார்ல ஆக்‌ஷன் கொஞ்சம் கூட இருந்தா கை வலிக்கும், அவ்வளவுதான். இதுல ஆக்‌ஷன் கூட இருந்தா சத்தமே வராது. விரல் தட்டுற தட்டுலதான் சுரம் பொறக்குது, கம்பி ஃப்ரெட்ட போயி சேர தூரம் கொறவா இருக்கணும். நீங்க ரொம்ப பலமா தட்டுறீங்க, கை ஒரு மணி நேரத்துல சோருது, சுரம் சுரமா சத்தம் மாறுதுன்னா பயிற்சி பத்தாதுன்னு நெனைக்காதீங்க, மொதல்ல ஆக்‌ஷன பாருங்க.

ஒரு கம்பிய மொத ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் அமுக்கிட்டு நடுவுல ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளிய ஃபீலர் கேஜால பாருங்க. 0.1-ல இருந்து 0.2 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா தட்டுறதுக்கு நல்லது. கூட இருந்தா ட்ரஸ் ராட இறுக்கணும், ஒண்ணுமே இல்லாம நெக்கு பின்னாடி வளைஞ்சிருந்தா தளத்தணும். ஒரு சுத்துல எட்டுல ஒரு பங்கு மட்டும். அதுக்கப்புறம் டியூன் பண்ணி, அடுத்த நாள் வரைக்கும் விட்டுட்டு, மறுபடியும் அளக்கணும். ஒரே நாள்ல முடிச்சிரணும்னு நெனச்சு அரச் சுத்து முழுச் சுத்துன்னு திருகாதீங்க, கைக்கு கடுசா இருந்தா நிறுத்திட்டு தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

அதுக்கப்புறம் ஆக்‌ஷன். 12-வது ஃப்ரெட்ல மெலடி கம்பி 1.2 மில்லிமீட்டர், தடிச்ச பேஸ் 1.5-ன்னு வச்சு ஆரம்பிங்க, அங்க இருந்து கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க. ஒவ்வொரு தடவையும் எல்லா ஃப்ரெட்லயும் மெதுவா ஒரே பலத்துல தட்டிட்டு வரணும். மொத அஞ்சாறு ஃப்ரெட்ல மட்டும் இரைச்சல்னா நெக்கு ரொம்ப நேரா இருக்கு, கொஞ்சம் தளத்துங்க. மேல் ஃப்ரெட்ல மட்டும்னா ஆக்‌ஷன் ரொம்ப எறங்கிட்டு. நடுவுல ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும்னா அந்த ஃப்ரெட் தூக்கி நிக்குது, அத நீங்க அரம் வச்சு ராவாதீங்க, ஃப்ரெட் வேலை தெரிஞ்சவங்ககிட்ட கொண்டு போங்க, நம்ம பக்கத்துல இல்லன்னா திருவனந்தபுரம் போகலாம். ஆம்ப்ல கேக்காத சின்ன இரைச்சல விட்டுருங்க.

8. இன்டோனேஷன் (மேல் ஃப்ரெட்லயும் சுரம் சுத்தமா வர்றது)

12-வது ஃப்ரெட் ஹார்மானிக்ஸும் (கம்பிய அமுக்காம அங்க லேசா தொட்டு மீட்டினா வர்ற சத்தம்) அதே ஃப்ரெட்ல தட்டுற சுரமும் ஒண்ணா இருக்கணும். தட்டின சுரம் கூட இருந்தா சாடில (கம்பி உக்காந்திருக்கிற சின்னக் கட்டைய) பின்னாடி தள்ளி கம்பிய நீட்டுங்க, கொறஞ்சா முன்னாடி. பழைய கம்பில இத பண்றது வீண் வேலை, புதுக் கம்பி போட்டுட்டு பண்ணுங்க.

9. டேம்பரும் பெல்ட்டும்

தலைப்பக்கம் மொத ஃப்ரெட்டுக்கு முன்னால கம்பில ஒட்டி இருக்கிற மெத்துன்னு உள்ள துணிதான் டேம்பர். இது இல்லன்னா விரல எடுக்கும்போதெல்லாம் சும்மா கம்பி சத்தம் போடும். வருஷக்கணக்கா இருந்தா பஞ்சு அமுங்கிரும், வெல்க்ரோவோட மெத்துப் பக்கத்த அதே அகலத்துல வெட்டி ஒட்டலாம். மொத ஃப்ரெட்ட தாண்டி வந்துரக் கூடாது, சுரமே அமுங்கிரும்.

ஸ்டிக்க கிட்டார் மாதிரி படுக்க வச்சு வாசிக்கிறதில்ல, கிட்டத்தட்ட நட்டமா நிக்கும், தோள்ல ஒரு பட்டையும் இடுப்பு பெல்ட்ல மாட்டுற கொக்கியும்தான் தாங்கும். வேட்டி கட்டிட்டு கொயர்ல நிக்கிறவங்க கவனிங்க, வேட்டி மடிப்புல கொக்கி நிக்காது. கட்டியான தோல் பெல்ட்டும் பேண்ட்டும் போட்டுட்டு போங்க.

10. ஒயரும் ஆம்பும்

இதுல ஒரே ஓட்டைல ரெண்டு சத்தம் வருது, மெலடி தனி, பேஸ் தனி. சாதாரண கிட்டார் ஒயர் குத்தினா ஒரு பக்கம் மட்டும்தான் கேக்கும், கருவி ரிப்பேர்னு நெனச்சு பயந்துராதீங்க. ஸ்டீரியோ பின்ல இருந்து ரெண்டு மோனோ பின்னா பிரியுற ஒய் ஒயர் வேணும். மைக்செட்காரர்கிட்ட ரெண்டு டிஐ பாக்ஸ் (கருவி சத்தத்த மிக்சருக்கு கொண்டு போற பெட்டி), ரெண்டு சேனல்னு மொதல்லயே சொல்லி வைங்க, ஆராதன தொடங்குற நேரத்துல போயி கேட்டா கெடைக்காது. பேஸ் பக்கத்த பேஸ் ஆம்ப்லயோ சப் ஊஃபர் உள்ள செட்லயோ குடுங்க, வீட்டு டிவி ஸ்பீக்கர்ல அந்தக் கீழ் சி-ய சத்தமா விட்டா ஸ்பீக்கர் கிழிஞ்சு போகலாம். பேட்டரில ஓடுற ஆக்டிவ் பிக்கப்னா (கம்பி சத்தத்த எடுக்குற பாகம்) 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு பைல ஸ்பேரா இருக்கட்டும்.

ரெண்டு ஆம்ப்ல குடுக்கும்போது ம்ம்ம்னு இரைச்சல் வந்தா ரெண்டையும் ஒரே பிளக் போர்டுல இருந்து எடுங்க. எர்த் பின்ன ஒடச்சு விட்டா இரைச்சல் நிக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கம்பில கை வச்சு வாசிக்கிற கருவி, ஷாக் அடிச்சா உயிருக்கு ஆபத்து.

11. மழையும் உப்புக் காத்தும்

மத்த ஜில்லாக்காரங்க நெறைய பேருக்கு ஒரு மழைதான் பெருசு, நமக்கு ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. மரம் ஈரத்த குடிச்சா நெக்கு நகரும், அதனால ரெண்டு மழை தொடங்கி ஒரு வாரம் ஆனதும், மார்ச் வெயில் ஏறினதும் ஏழாவதுல சொன்ன அளவ எடுத்துப் பாருங்க. அளவு மாறலன்னா எதையும் தொடாதீங்க. மாறியிருந்தா டியூன் பண்ணி, அதே எட்டுல ஒரு பங்கு கணக்கு.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கடலோரத்துல இருக்கிறவங்க கம்பி சீக்கிரமே கறுத்துரும். ஒவ்வொரு தடவையும் வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால கம்பிக்கு மேலயும் அடியிலயும் தொடைங்க. தேங்காண்ண மட்டும் ஃப்ரெட்போர்டுல தேய்க்காதீங்க, கொஞ்ச நாள்ல காறி பிசுபிசுன்னு ஆகி தூசியெல்லாம் அதுல ஒட்டும். உறைக்குள்ள நீலக் கலர் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போடுங்க, ரோஸ் கலருக்கு மாறினா ஈரம் குடிச்சிட்டுன்னு அர்த்தம், எடுத்து மாத்திருங்க. மழை நனையுற வெளிச் சுவர்ல சாய்ச்சு வைக்காம உள் சுவர் பக்கம் வைங்க.

ஸ்பேர் கம்பி செட்ட பிரிக்காம காத்துப் போகாத டப்பால வைங்க, கடைசி செட்ட கருவில போடுற அன்னைக்கே அடுத்த ஆர்டர போட்டுருங்க, அது வந்து சேர மாசக்கணக்கு ஆகலாம்.